கிரான் டூரிஸ்மோ 7: எந்த ரேஸுக்கு எந்த டயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பந்தய வீடியோ ஆட்டமான கிரான் டூரிஸ்மோ 7 ஆடத் தொடங்கும் எல்லாரும் முதலில் பணத்தை இன்ஜினில்தான் கொட்டுகிறார்கள். டர்போ வாங்குவார்கள், எடையைக் குறைப்பார்கள், எக்ஸாஸ்ட் மாற்றுவார்கள். டயர் பக்கம் போவது கடைசியில்தான். ஆனால் தரையைத் தொடுவது டயர் மட்டும்தானே, அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மற்ற எதை வாங்கியும் பயனில்லை. புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

கடையில் இத்தனை டயர் இருக்கிறதே, எது எதற்கு?

காய்ந்த தார்ச்சாலைக்கு மூன்று குடும்பங்கள்: கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங். ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட் என்று மூன்று, ஆக ஒன்பது. அப்புறம் மழைக்கு இன்டர்மீடியட், ஹெவி வெட் என்று இரண்டு, மண்ணுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று.

கம்ஃபர்ட் என்பது நாம் தெருவில் ஓட்டும் சாதாரண காரின் டயர் மாதிரி. ஹோண்டா ஃபிட், சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற கார்களை அவற்றின் இயல்போடு ஓட்ட அதுவே போதும், பிடிப்பு குறைவாக இருப்பதால் ஓட்டப் பழகவும் நல்லது. ஸ்போர்ட்ஸ் டயர் வேகமான சாலைக் கார்களுக்கு. ரேசிங் டயர் குரூப் 4, குரூப் 3, குரூப் 1 போன்ற பந்தயக் கார்களுக்கும், நன்றாக டியூன் செய்த சாலைக் கார்களுக்கும்.

ஒரே குடும்பத்துக்குள் சாஃப்டுக்கும் ஹார்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், பென்சில் அழிக்கும் ரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்று இருப்பது சட்டென்று அழிக்கும், சீக்கிரம் கரைந்தும் போகும். கெட்டியானது மாதக்கணக்கில் வரும், ஆனால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லா ரேஸிலும் சாஃப்ட் போட்டுவிட்டால் என்ன?

தேய்மானம் இல்லாத குட்டி ரேஸ்களில் அதைத்தான் செய்ய வேண்டும், யோசிக்கவே வேண்டாம். பிபி (காரின் மொத்தத் திறனுக்கு ஆட்டம் தரும் மதிப்பெண்) வரம்பு அனுமதிக்கும் மிக மென்மையான காம்பவுண்டை, அதாவது ரப்பர் வகையை, போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

சிக்கல் வருவது தேய்மானம் உள்ள ரேஸில். போட்டியின் விவரப் பக்கத்தில் டயர் தேய்மானம் எத்தனை மடங்கு, எரிபொருள் செலவு எத்தனை மடங்கு என்று இரண்டு எண்கள் இருக்கும். அந்த இரண்டையும் பார்க்காமல் எந்த டயரையும் மாட்டாதீர்கள். 1 மடங்கில் பத்து நிமிட ரேஸ் என்றால் தேய்மானத்தை மறந்துவிடலாம். அதே பத்து நிமிடம் 8 மடங்கில் என்றால், சாஃப்ட் டயர் பாதி ரேஸிலேயே சறுக்கத் தொடங்கிவிடும்.

சரி, சாஃப்டா மீடியமா ஹார்டா என்று எப்படி முடிவெடுப்பது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிட்டுக்குள் (ரேஸ் நடுவே டயர் மாற்றவும் எரிபொருள் ஊற்றவும் நிற்கும் இடம்) போய் வர மொத்தம் எத்தனை வினாடி போகிறது என்பது. பலர் டயரின் வேகத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், பிட்டில் போகும் நேரம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். எண்கள் என்னுடைய கற்பனைதான், ஆனால் கணக்குப் போடும் முறை எந்தத் தடத்துக்கும் இதுதான்.

20 லேப் (தடத்தை 20 முறை சுற்றும்) ரேஸ், பிட்டுக்கு 25 வினாடி. புது மீடியம் டயரில் ஒரு லேப் 100 வினாடி, தேயத் தேய லேப்புக்கு 0.2 வினாடி கூடுகிறது. சாஃப்ட் புதிதாக இருக்கும்போது 0.8 வினாடி வேகம், ஆனால் லேப்புக்கு 0.5 வினாடி இழக்கிறது. ஹார்ட் 0.7 வினாடி மந்தம், லேப்புக்கு 0.1 மட்டுமே இழக்கிறது.

இதில் நான்காவது லேப்பிலேயே சாஃப்ட் டயர் மீடியத்தைவிட மெதுவாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். இப்போது மொத்தத்தைக் கூட்டினால்:

ஹார்டில் நிற்காமல் ஓடினால் 2033 வினாடி.
மீடியத்தில் நிற்காமல் ஓடினால் 2038.
மீடியத்தில் பாதியில் ஒருமுறை நின்று புது மீடியம் மாட்டினால் 2043.
சாஃப்டில் ஒருமுறை நின்று புது சாஃப்ட் மாட்டினால் 2054.
சாஃப்டில் நிற்காமலே ஓடினால் 2079.

ஒரு லேப்பில் எல்லாரையும்விட வேகமான டயர் கடைசியில் கிடக்கிறது, ஒரு லேப்பில் மிக மந்தமான டயர் ஜெயிக்கிறது. அதே எண்களை வைத்து 5 லேப் ரேஸுக்குப் போட்டுப் பாருங்கள், சாஃப்ட் 501, மீடியம் 502, ஹார்ட் 504.5. வரிசை அப்படியே தலைகீழ். அதனால் ‘இந்தக் காருக்கு எந்த டயர் நல்லது’ என்று யாராவது கேட்டால், எத்தனை லேப், எத்தனை மடங்கு தேய்மானம் என்று திருப்பிக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

நிஜ ஆட்டத்தில் தேய்மானம் இப்படிச் சீராக ஏறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் பிடிப்பு நன்றாக இருக்கும், அப்புறம் ஒரு கட்டத்தில் மளமளவென்று விழும். சாஃப்டில் அந்தச் சரிவு சீக்கிரமே வந்துவிடும்.

இந்த எண்களை எல்லாம் எங்கிருந்து எடுப்பது?

கஸ்டம் ரேஸில். அதே தடம், அதே கார், அதே தேய்மான மடங்கு, அதே எரிபொருள் மடங்கு வைத்து, ஒவ்வொரு காம்பவுண்டிலும் ஆறேழு லேப் ஓட்டுங்கள். லேப் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு லேப்பில் வேண்டுமென்றே பிட்டுக்குள் போய் டயர் மாற்றி வெளியே வந்தால், அந்த லேப்பும் அடுத்த லேப்பும் வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது என்று தெரிந்துவிடும், அதுதான் உங்கள் பிட் நேரம். தடத்துக்குத் தடம் இது நிறைய மாறும், பிட் பாதையின் நீளம் ஒன்றுபோல் இல்லை.

மற்றவர்கள் எடுத்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புபவருக்கும் பதமாகத் திருப்புபவருக்கும் ஒரே டயர் ஒரே அளவு உழைக்காது.

எரிபொருளுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது, அனுபவசாலிகள்கூடச் சறுக்கும் இடம் இது. மேலே சொன்ன கணக்கில் நிற்காமல் ஓடினால் ஹார்ட் ஜெயித்தது. ஆனால் டாங்க் 20 லேப் தாங்காது, எப்படியும் ஒருமுறை நின்றே ஆக வேண்டும் என்றால்? அந்த 25 வினாடி எல்லாருக்கும் பொதுச் செலவாகிவிடும். இப்போது ஒருமுறை நிற்கும் கணக்கை மட்டும் பாருங்கள்: மீடியம் 2043, ஹார்ட் 2048, சாஃப்ட் 2054. ஹார்டின் வெற்றி போய்விட்டது, மீடியம் மேலே வந்துவிட்டது. டயரில் எதுவும் மாறவில்லை, மாறியது டாங்க் மட்டும்தான்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எரிபொருளுக்காக எத்தனை முறை நிற்க வேண்டும் என்று பாருங்கள், அப்புறம் அந்த இடைவெளிக்குப் பொருந்தும் டயரைத் தேடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இன்ஜின் எவ்வளவு எரிபொருள் குடிக்க வேண்டும் என்று ஓட்டும்போதே மாற்றும் ஃபியூயல் மேப் 1 முதல் 6 வரை இருக்கிறது, 1 முழு சக்தி, 6 சிக்கனம். நேர்ப்பாதையில் மேப்பைக் கூட்டி, கியரைக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றி ஓட்டினால் ஒரு நிறுத்தத்தையே மிச்சம் பிடிக்க முடிகிற ரேஸ்கள் இருக்கின்றன. அப்படி மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் டயரும் அந்தத் தூரத்தைத் தாங்க வேண்டும், சாஃப்டை மாட்டிக்கொண்டு எரிபொருளைச் சேமித்து எந்தப் பயனும் இல்லை.

டயர் தேய்மான அளவி எவ்வளவு இறங்கியதும் பிட்டுக்குள் போக வேண்டும்?

திரையில் நான்கு டயருக்கும் தனித்தனி அளவி உண்டு. பாதிக்குக் கீழே போனதும் பிரேக் தூரம் நீளுவதை நீங்களே உணர்வீர்கள். ஆனால் அளவியைவிட லேப் நேரத்தை நம்புங்கள். அடுத்த ஒவ்வொரு லேப்பிலும் நீங்கள் இழக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், மிச்சமுள்ள லேப்களில் அது பிட் நேரத்தைத் தாண்டுமா என்று தெரியும். தாண்டினால் உள்ளே போங்கள். கடைசி இரண்டு லேப் மட்டும் இருக்கிறது என்றால் டயர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி முடிப்பதே பெரும்பாலும் லாபம்.

முன்னால் போகிறவரை நேர்ப்பாதையில் தாண்ட முடியவில்லை என்றால், அவருக்கு ஒரு லேப் முன்பே பிட்டுக்குப் போய்ப் புது டயரில் ஒரு வேகமான லேப் ஓட்டிவிடலாம். அவர் உள்ளே போய் வெளியே வரும்போது நீங்கள் முன்னால் இருப்பீர்கள். அண்டர்கட் என்பது இதுதான். ஆனால் வெளியே வரும் இடத்தில் ஐந்தாறு கார்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தால் இந்த லாபம் அப்படியே கரைந்துவிடும், உள்ளே போகும் முன் ரேடாரில் பின்னால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட் மோடில் (மற்றவர்களோடு ஆன்லைனில் ஓடும் பகுதி) இரண்டு காம்பவுண்டு கட்டாயம் என்கிறார்களே?

ஆமாம், டெய்லி ரேஸ் சி மாதிரி நீண்ட ரேஸ்களில் இந்த விதி அடிக்கடி வரும். உதாரணமாக ரேசிங் மீடியமும் ரேசிங் ஹார்டும் இரண்டையும் ரேஸுக்குள் பயன்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் பெனால்டி. டெய்லி ரேஸ்கள் திங்கட்கிழமைதோறும் மாறும், அதனால் போன வாரத்துத் திட்டம் இந்த வாரம் உதவாது.

இங்கே எதை முதலில் மாட்டுவது என்பதில் இரண்டு கட்சி. வேகமான டயரில் தொடங்கினால் முதல் சில வளைவுகளில் இடம் பிடிக்கலாம், முன்வரிசையில் தொடங்குகிறவருக்கு இது நல்லது. மந்தமான டயரில் தொடங்கினால் கடைசிக் கட்டத்தில், எல்லாரும் தேய்ந்த டயரில் தடுமாறும்போது, உங்களிடம் புதிதாக வேகமான டயர் இருக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: வேண்டாத டயரில் தொடங்கி, முதல் லேப் முடிவிலேயே பிட்டுக்குள் போய் அதைக் கழற்றி எறிவது. பின்வரிசையில் தொடங்குகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். முதல் லேப்பின் மோதல்களிலிருந்து தப்பி, காலியான தடத்தில் உங்கள் வேகத்தில் ஓட்டலாம். ஒரே நிபந்தனை, மீதி லேப் முழுவதையும் இரண்டாவது டயர் தாங்க வேண்டும், டாங்கும் தாங்க வேண்டும்.

தகுதிச் சுற்றில் குழப்பமே இல்லை, அனுமதித்ததில் மிக மென்மையானது.

நல்ல டயர் போட்டதும் பிபி ஏறிவிடுகிறதே, என்ன செய்ய?

டயரின் பிடிப்பும் பிபி கணக்கில் சேரும், அதனால் காம்பவுண்டை உயர்த்தினால் பிபியும் உயரும். 600 அல்லது 700 பிபி வரம்புள்ள போட்டியில் இது ஒரு பேரம்: பிடிப்பு வேண்டுமா, குதிரைசக்தி வேண்டுமா?

தடத்தைப் பாருங்கள். லு மான் மாதிரி நேர்ப்பாதை அதிகமுள்ள இடத்தில் ஒரு படி கீழான டயரைப் போட்டு, மிச்சமாகும் பிபியைச் சக்திக்குக் கொடுப்பது பலன் தரும். பிரான்ட்ஸ் ஹாட்ச் மாதிரி வளைவும் ஏற்ற இறக்கமுமாக இருக்கும் இடத்தில் டயரைக் குறைத்தால் வருத்தப்படுவீர்கள், அங்கே பவர் ரெஸ்ட்ரிக்டரையோ (இன்ஜின் சக்தியைக் குறைப்பது) பேலஸ்டையோ (காரில் ஏற்றும் கூடுதல் எடை) வைத்து பிபியை இறக்குவது மேல். புதியவர்களுக்கு என் பரிந்துரை, சந்தேகம் வந்தால் டயரை வைத்துக்கொண்டு சக்தியைக் குறையுங்கள். கட்டுக்குள் இருக்கும் கார் முப்பது நிமிடம் ஓட்டக் களைப்பாக இருக்காது.

முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை மாட்டலாமா?

கார் செட்டிங்கில் முன்னும் பின்னும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சமநிலை கெட்டுப்போகும். பின்னால் பிடிப்பு குறைந்தால் கார் சுழலும், முன்னால் குறைந்தால் திரும்பவே திரும்பாது. டிரிஃப்ட் செய்பவர்களுக்கு இது உதவும், ரேஸுக்கு நான்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

எனக்கு மட்டும் டயர் சீக்கிரம் தேய்கிறது. ஏன்?

எந்த டயர் தேய்கிறது என்று முதலில் பாருங்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர் மாதிரி முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்தான் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்க வேண்டும். பின் டயர் புதிதுபோலவே இருக்கும்போது முன் டயர் காலியாகிவிடும். இந்தக் கார்களுக்கு பிரேக் பேலன்ஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பங்கிடும் அளவு) பின்பக்கம் ஒன்றிரண்டு புள்ளி தள்ளுங்கள், ரேஸ் நடக்கும்போதே மாற்றலாம். பின்சக்கரம் தள்ளும் காரில் பின் டயர் போகிறதென்றால், வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலேட்டரை ஒரே அமுக்காக அமுக்குகிறீர்கள் என்று பொருள். சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை 1 அல்லது 2-இல் வைத்தால் உங்களுக்கு ஒரு லேப்பில் சில பத்தில் ஒரு பங்கு வினாடி போகலாம், டயர் இரண்டு மூன்று லேப் கூடுதலாக வரும்.

டயர் படம் சிவப்பாக மாறுகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் டயர் எல்லையைத் தாண்டி வழுக்குகிறது. வளைவுக்குள் கார் திரும்பவில்லை என்று ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் ஒடிப்பதுதான் வழக்கமான காரணம். ஒடிக்க ஒடிக்க டயர் தேயுமே தவிர கார் திரும்பாது. கொஞ்சம் முன்னாலேயே பிரேக் போட்டு, கொஞ்சம் மெதுவாக உள்ளே போய், சீக்கிரம் நேராக்கி வெளியே வாருங்கள். டயரைக் காப்பாற்ற இதைவிடப் பெரிய செட்டிங் எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதிகமான கேம்பர், டோ கோணங்களும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்வதும், உள்ளோ வெளியோ திரும்பியிருப்பதும்) டயரைத் தின்னும், ஆனால் அதற்கெல்லாம் அப்புறம் வரலாம்.

மழை வந்தால் எப்போது மாற்றுவது?

எல்லாத் தடத்திலும் மழை கிடையாது, ஆனால் லு மான், ஸ்பா, நூர்பர்க்ரிங் போகிறீர்கள் என்றால் காருக்கு இன்டர்மீடியட்டும் ஹெவி வெட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். வாங்காத டயர் பிட்டில் கிடைக்காது, இதை ரேஸ் நடுவில் தெரிந்துகொள்வது கொடுமை.

மழை ரேடாரில் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். தரையில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று காட்டும் ஒரு பட்டையும் திரையில் இருக்கிறது. தூறல் விழுந்ததும் ஓடிப்போய் டயரை மாற்றாதீர்கள், வானத்தில் மழை இருக்கலாம், தரை இன்னும் காய்ந்தே இருக்கலாம். தரை ஈரம் ஏறத் தொடங்கி, பிரேக்கில் கார் வழுக்கத் தொடங்கினால் இன்டர்மீடியட். நீர் தேங்கி நேர்ப்பாதையிலேயே கார் மிதக்கிறது என்றால் ஹெவி வெட். காயும்போது எல்லாரும் ஓடுகிற கோடு முதலில் காயும், மற்ற இடம் ஈரமாகவே இருக்கும், அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஓட்ட முடியும் என்றால் ஸ்லிக்குக்கு (காய்ந்த தரைக்கான வழவழப்பான டயர்) ஒரு லேப் முன்னதாகவே திரும்பலாம். ஈரம் போன தரையில் மழை டயர் வேகமாகத் தேயும்.

தடத்தின் நீளத்தையும் யோசியுங்கள். லு மான் ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். பிட் வாசலைத் தாண்டிய பிறகு ‘மாற்றியிருக்கலாமே’ என்று தோன்றினால் அடுத்த நான்கு நிமிடத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நீளமான தடத்தில் கொஞ்சம் முந்தியே முடிவெடுப்பது நல்லது, சின்னத் தடத்தில் ஒரு லேப் பொறுத்துப் பார்க்கலாம்.

மண், பனித் தடங்களுக்கு?

ஃபிஷர்மேன்ஸ் ரான்ச், கொலராடோ ஸ்பிரிங்ஸ் போன்ற மண் தடங்களுக்கு மண் டயர். 2023 நவம்பரில் சேர்த்த லேக் லூயிஸுக்குப் பனி டயர். இதில் தேர்வுக்கு இடமே இல்லை.

நிஜப் பந்தயத்திலும் டயர் இவ்வளவு தீர்மானிக்குமா?

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ், அமெரிக்க கிராண்ட் பிரீ. வேகமான சாய்வு வளைவில் மிஷலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட அணிகள் எல்லாம் ரேஸுக்கு முந்தைய ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அதில் ஜோர்டன் காரில் இருந்த நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார், ஃபார்முலா 1-இல் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். ஆட்டத்தில் நீங்கள் பார்க்கும் சிவப்பு சாஃப்ட், மஞ்சள் மீடியம், வெள்ளை ஹார்ட், பச்சை இன்டர்மீடியட், நீல வெட் என்ற நிறங்களும் இன்றைய ஃபார்முலா 1 ஒளிபரப்பில் பார்ப்பவைதான். காய்ந்த ரேஸில் இரண்டு காம்பவுண்ட் கட்டாயம் என்பதும் அங்கே உள்ள விதியே.

மற்ற ஆட்டங்களிலும் இதே கணக்கு எடுபடுமா?

எஃப்1 ஆட்டங்களில் அப்படியே எடுபடும். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேயில் நிலைமை வேறு: ஜிடி3 கார்களுக்குக் காய்ந்த தரைக்கு ஒரே ஒரு பிரெல்லி ஸ்லிக், மழைக்கு ஒன்று, அவ்வளவுதான். அங்கே உங்கள் வேலை காற்றழுத்தம். இப்போதைய பதிப்பில் சூடேறிய ஸ்லிக் 26 முதல் 27 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும், குளிர்ந்த நிலையில் எவ்வளவு அடைத்தால் அங்கே போய் நிற்கும் என்பது அன்றைய வெப்பநிலையைப் பொறுத்தது. ஐரேசிங்கில் பெரும்பாலான கார்களுக்கு ஒரே காம்பவுண்ட், மழை 2024 மார்ச்சில்தான் வந்தது. அங்கே போகிறவர்கள் கிரான் டூரிஸ்மோவிலிருந்து எடுத்துப் போக வேண்டியது பிட் நேரத்தையும் எரிபொருளையும் முதலில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை. டயர் ஒன்றே ஒன்றுதான் என்றாலும் அதை மாற்றலாமா, அல்லது எரிபொருளை மட்டும் ஊற்றிக்கொண்டு கிளம்பலாமா என்ற கேள்வி அங்கேயும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரும்.